டிரம்ஸ் வாசிப்பதிலும் கேட்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிரம்ஸ் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது வேகம். அடுத்தது சத்தம். கற்றுக்கொள்ள உட்காருகிறவர் தன்னால் எவ்வளவு வேகமாக அடிக்க முடிகிறது என்று பார்க்கிறார். கேட்கிறவரும் மேடையில் இருப்பவரிடம் அதையேதான் தேடுகிறார். வாசிப்பில் வரும் தவறுகளும் ரசனையில் வரும் தவறுகளும் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன என்பது என் எண்ணம். அடிகளைக் கவனிக்கிறோம், இரண்டு அடிகளுக்கு நடுவில் இருக்கும் நேரத்தை விட்டுவிடுகிறோம். அந்த நேரத்தைக் கையாளத் தெரிந்தவரைத்தான் நல்ல டிரம்மர் என்கிறோம். ஆகவே கையோடு சேர்த்துக் காதையும் பழக்க வேண்டும்.

மெட்ரோனோமைத் தள்ளிப்போடுவது

மெட்ரோனோம் என்பது சீரான வேகத்தில் ஒலித்துக் காட்டும் கருவி; பேட்டர்ன் என்பது திரும்பத் திரும்ப வரும் அடிகளின் வரிசை. "முதலில் பேட்டர்ன் கைக்கு வரட்டும், அப்புறம் மெட்ரோனோம் போட்டுக்கொள்ளலாம்" என்று நினைப்பது மிகவும் பரவலான தவறு. சிக்கல் என்னவென்றால், கை எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறதோ அதையே கற்றுக்கொள்கிறது. சுலபமான இடத்தில் ஓடி, கஷ்டமான இடத்தில் தயங்கித் தயங்கி வாசித்தால், அந்த ஓட்டமும் தயக்கமும் பேட்டர்னின் பகுதியாகவே கையில் பதிந்துவிடும். பிறகு மெட்ரோனோமை வைத்து அதைப் பிரித்தெடுப்பது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

மெதுவாக வாசிப்பதைத் தொடக்க நிலைக்காரர்களின் வேலை என்று ஒதுக்குவதும் இதோடு சேர்ந்த தவறுதான். நிமிடத்துக்கு 60 பீட் (தாள எண்ணிக்கை) என்று வைத்து ஒரு சாதாரண ராக் பேட்டர்னை வாசித்துப் பாருங்கள். ஒரு பீட்டுக்கும் அடுத்த பீட்டுக்கும் இடையே முழுசாக ஒரு விநாடி. வேகமாக வாசிக்கும்போது ஸ்டிக்கின் ஓட்டமே நம்மை அடுத்த அடிக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். இங்கே அந்த உதவி கிடையாது. காலால் அடிக்கும் பாஸ் டிரமும் கையால் அடிக்கும் ஹை-ஹாட்டும் (ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரண்டு உலோகத் தட்டுகள்) ஒரே கணத்தில் விழவேண்டிய இடத்தில் கால் கொஞ்சம் முந்தி, கை கொஞ்சம் பிந்தி, ஒரு அடி இரண்டாகப் பிளந்து கேட்கும். வேகத்தில் இது மறைந்திருக்கும், ஆனால் இருந்துகொண்டுதான் இருக்கும். கேட்பவருக்கு "ஏதோ உதைக்கிறது" என்று மட்டும் தோன்றும். எங்கே என்று அவருக்குச் சொல்லத் தெரியாது.

ஃபில் (வழக்கமான பேட்டர்னுக்கு நடுவில் வரும் அலங்கார அடிகள்) வாசிக்கும்போது ஓடுவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய எல்லோரும் இதைச் செய்கிறார்கள். கணக்குப் போட்டே பார்க்கலாம். நிமிடத்துக்கு 90 பீட் வேகம், ஒரு பீட்டுக்கு நாலு நோட், மொத்தம் ஒரு பார் (நாலு பீட்) நீளத்துக்கு 16 அடிகள். அந்த வேகத்தில் ஒரு நோட்டின் நீளம் சுமார் 0.167 விநாடி. ஒவ்வொரு அடியிலும் வெறும் 0.01 விநாடி முந்தினால் போதும், 16 அடிகள் முடியும்போது 0.16 விநாடி முந்தியிருப்போம். அதாவது ஏறக்குறைய ஒரு முழு நோட்டே காணாமல் போய்விட்டது. அடுத்த பாரின் முதல் அடியில் சிம்பலை (உலோகத் தட்டை) அடிக்கும்போது பேஸ் கிட்டார்காரர் இன்னும் அங்கே வந்து சேர்ந்திருக்க மாட்டார். எந்த அடியும் தனியாகத் தவறாகத் தெரியாமலே மொத்த பேண்டும் தடுக்கி விழுவது இப்படித்தான். ஃபில்லைத் தனியாக எடுத்துப் பழகாமல், மூன்று பார் பீட், ஒரு பார் ஃபில், மறுபடி மூன்று பார் பீட் என்று சேர்த்தே பழகுங்கள். ஃபில் எப்படி இருந்தது என்பதை விட, திரும்பி வந்த முதல் அடி எங்கே விழுந்தது என்பதுதான் முக்கியம்.

சரி, மெட்ரோனோமோடு நன்றாக வருகிறது. அதோடு நின்றுவிடுவது அடுத்த தவறு. ஒவ்வொரு பீட்டுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் காலப்பிரமாணத்தைப் பிடித்து வைப்பது மெட்ரோனோம்தான், நீங்கள் இல்லை. 80 பீட் வேகத்தில் வாசிக்க வேண்டுமானால் மெட்ரோனோமை 40-இல் வையுங்கள். அது ஒலிப்பதை இரண்டாவது, நாலாவது பீட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். இது கைவந்த பிறகு, நாலு பார் ஒலித்து நாலு பார் மௌனமாக இருக்கும் செயலியைப் பயன்படுத்துங்கள். மௌனம் முடிந்து அது மீண்டும் ஒலிக்கும் அந்தக் கணம் உங்கள் உள்ளே ஓடும் கடிகாரத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடும். முந்துகிறீர்களா, பிந்துகிறீர்களா என்பது பெரும்பாலும் ஒரே திசையிலேயே இருக்கும். அது தெரிந்தாலே பாதித் திருத்தம் நடந்துவிடும்.

ஸ்டிக்கை நெரிப்பது

ஸ்டிக் கையிலிருந்து நழுவிவிடுமோ என்ற பயத்தில் ஐந்து விரலாலும் இறுக்கிப் பிடிப்பவர்கள் அதிகம். டிரம்மின் தோல் ஸ்டிக்கைத் தானாகவே மேலே எழுப்பிவிடும். இறுக்கிப் பிடித்த கை அந்தத் துள்ளலைக் கொன்றுவிட்டு, ஒவ்வொரு முறையும் ஸ்டிக்கைத் தன் பலத்தில் தூக்குகிறது. இரட்டை வேலை. முன்கை கல்லாக இறுகும், வேகம் ஒரு எல்லைக்கு மேல் ஏறாது, ஒலியும் செத்துப்போய்க் கேட்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஸ்டிக் அசையும்படி பிடித்து, மற்ற விரல்கள் அதைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கட்டும். ஸ்டிக்கை ஒருமுறை விழவிட்டு, அது தானாக எத்தனை தடவை துள்ளுகிறது என்று பாருங்கள். பிடி சரியா இல்லையா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

மணிக்கட்டில் வலி வந்தால் "பழகிவிடும்" என்று தொடராதீர்கள். பிடியை மாற்றுவதற்கு எந்தக் கட்டமும் தாமதமில்லை. ரஷ் குழுவின் டிரம்மர் நீல் பியர்ட் அந்தக் குழுவில் சேர்ந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆன பிறகு, 1990-களின் நடுவில், ஃப்ரெடி க்ரூபர் என்ற ஆசிரியரிடம் மாணவராகப் போய்த் தன் கை அசைவையே புதிதாக அமைத்துக்கொண்டார்.

பலவீனமான கையை ஒதுக்குவதும் இங்கே சேரும். வலது-இடது-வலது-வலது, இடது-வலது-இடது-இடது என்று போகும் பாரடிடில் போன்ற ரூடிமென்ட்கள் (அடிப்படைக் கைப்பயிற்சிகள்) இதற்காகவே இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு வாசியுங்கள், இல்லையென்றால் பதிவு செய்து கேளுங்கள். எந்தக் கை அடித்தது என்று கண்டுபிடிக்க முடிந்தால் இன்னும் வேலை இருக்கிறது.

எல்லா அடியையும் ஒரே பலத்தில் அடிப்பது

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்க்கி டிரம்மர்' 1969-இல் பதிவாகி 1970-இல் வெளிவந்தது. அதில் மற்ற வாத்தியங்கள் ஒதுங்கிக்கொள்ள, கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு தனியாக வாசிக்கும் சில பார்கள்தான் பிறகு ஹிப்-ஹாப்பில் எண்ணற்ற பாடல்களுக்கு அடித்தளம் ஆயின. அதைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு வாசித்துப் பார்ப்பவர்களுக்கு அடிகள் எல்லாம் சரியாக வந்துவிடும், ஆனால் அந்தப் பாட்டு வராது. காரணம் ஸ்னேரில், அதாவது வாசிப்பவருக்கு நேர் முன்னால் இருக்கும் கூர்மையான ஒலியுள்ள டிரமில், இருக்கிறது. இரண்டாவது, நாலாவது பீட்டில் விழும் பலமான அடி எல்லோர் காதிலும் விழுகிறது. அவற்றுக்கு நடுவில், ஸ்டிக்கின் நுனி தோலை லேசாகத் தட்டிவிட்டுப் போகும் சின்னச் சின்ன அடிகள் இருக்கின்றன. இவற்றைத்தான் கோஸ்ட் நோட் என்கிறார்கள். பலமான அடிக்கு ஸ்டிக் பன்னிரண்டு அங்குல உயரத்திலிருந்து வருகிறது என்றால், இதற்கு இரண்டு அங்குலம்கூட அதிகம். தனித்தனியாகக் காதில் விழாது. ஆனால் எடுத்துவிட்டால் பீட் நொண்டும்.

டோட்டோ குழுவின் 'ரோசானா'வில் (1982) ஜெஃப் போர்காரோ வாசித்ததும் இந்த வகைதான். ஒரு பீட்டை மூன்றாகப் பிரித்தால், முதலாவதும் மூன்றாவதும் ஹை-ஹாட்டில், நடுவில் உள்ளது ஸ்னேரில் கோஸ்ட் நோட்டாக. டிரம்மர் பெர்னார்டு பர்டியின் பெயரிலேயே வழங்கும் ஷஃபிளை (துள்ளல் நடையை) அடிப்படையாக வைத்துத் தான் அமைத்துக்கொண்டது என்று போர்காரோவே சொல்லியிருக்கிறார். அந்த நடு அடியைக் கொஞ்சம் பலமாக அடித்துவிட்டால் பீட் குலைந்துபோகும். இதைப் பழக எளிய வழி: முதலில் கோஸ்ட் நோட்களை மட்டும், பக்கத்தில் இருப்பவருக்கும் சரியாகக் கேட்காத அளவுக்கு மெல்ல வாசியுங்கள். அது சீரான பிறகு பலமான அடியைச் சேருங்கள். பெரும்பாலானோர் பலமான அடியை முதலில் வாசித்துவிட்டு மற்றதைக் குறைக்கப் பார்க்கிறார்கள். கை குறைப்பதை விடக் கூட்டுவதைச் சுலபமாகக் கற்கும்.

இதே போல, ஹை-ஹாட்டும் சிம்பலும் மற்ற எல்லாவற்றையும் மூழ்கடிக்கும்படி வாசிப்பதும் தவறுதான். ஓட்டம் தெரிய வேண்டியது பாஸ் டிரமிலும் ஸ்னேரிலும். போனில் ஒரு நிமிடம் பதிவு செய்து கேட்டால் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது தெரியாதது தெரியும்.

"ஜான் பான்ஹம் மாதிரி ஒலிக்க வேண்டும்" என்று பலத்தைக் கூட்டுகிறவர்களுக்கு ஒரு செய்தி. அவர் டிரம்மராக இருந்த லெட் செப்பெலினின் 'வென் த லெவி பிரேக்ஸ்' (1971) பாட்டில் இருக்கும் அந்தப் பிரம்மாண்டமான ஒலி, ஒரு பெரிய பழைய வீட்டின் மாடிப்படிக் கூடத்தில் டிரம்ஸை வைத்து, மேலே தொங்கவிட்ட இரண்டு மைக்குகளில் பிடித்தது. 26 அங்குல பாஸ் டிரம், அதன் தோல்கள் கட்டப்பட்டிருந்த விதம், கூடத்தின் உயரம், மைக் இருந்த தூரம் எல்லாம் சேர்ந்த ஒலி அது. கையின் பலம் அதில் ஒரு பங்குதான்.

உட்காரும் விதம், டியூனிங், காது

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்டூல் மிகத் தாழ்வாக இருந்தால் இடுப்பு நோகும், கால் கனக்கும். தொடை முழங்காலை நோக்கி லேசாகச் சரிந்திருப்பது நல்லது. தோலை டியூன் செய்யும்போது ஒரு திருகாணியை முடித்துவிட்டுப் பக்கத்தில் உள்ளதற்குப் போகாதீர்கள். எதிரெதிரே உள்ளவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றித் திருகி, ஒவ்வொன்றின் அருகிலும் தட்டி ஒரே சுருதி வருகிறதா என்று கேளுங்கள். சிம்பலின் மேல் இருக்கும் நட்டை இறுக்கி வைத்தால் அது அசைய வழியின்றி நாளடைவில் விரிசல் விடும்.

காதுக்குப் பாதுகாப்பு இல்லாமல் வாசிப்பதை மட்டும் சுருக்க முடியாது. 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்பது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல் என்றால் 15 நிமிடம். அறைக்குள் டிரம்ஸ் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். போன செவித்திறன் திரும்ப வராது. வாசிக்கும் ஒவ்வொரு தடவையும் காதடைப்பான் போடுங்கள்.

கேட்பதில் வரும் தவறுகள்

தனி ஆவர்த்தனத்தை வைத்து மட்டும் ஒரு டிரம்மரை எடைபோடுவது பெரிய தவறு. பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டாரை "சாதாரண டிரம்மர்" என்று சொல்கிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். அவர் இடதுகைக்காரர், ஆனால் வலதுகைக்காரர்களுக்கான அமைப்பில் வாசித்தார். அதனால் அவருடைய ஃபில்கள் டாம்களின் (ஸ்னேரைச் சுற்றியுள்ள மற்ற டிரம்களின்) மேல் மற்றவர்கள் போகும் பாதையில் போவதில்லை, கேட்டதும் அவர்தான் என்று தெரியும். ரோலிங் ஸ்டோன்ஸின் சார்லி வாட்ஸ் ஸ்னேரை அடிக்கும் கணத்தில் ஹை-ஹாட்டிலிருந்து கையை எடுத்துவிடுவார். ஒரு அடியை வாசிக்காமல் விடுவதால் ஸ்னேருக்கு வெளி கிடைக்கிறது. காணொளியில் அந்தக் கை மேலே எழுவதைப் பார்த்துவிட்டால், பிறகு வெறும் ஒலியிலேயே அது கேட்கத் தொடங்கும்.

இன்னொன்று, எல்லா இசையிலும் ஒரே இடத்தில் பீட்டைத் தேடுவது. ராக் கேட்டுப் பழகியவர்கள் ஜாஸுக்கு வந்து, ஸ்னேர் இரண்டிலும் நாலிலும் விழவில்லையே என்று குழம்புகிறார்கள். கென்னி கிளார்க் போன்றவர்கள் 1940-களிலேயே காலப்பிரமாணத்தை பாஸ் டிரமிலிருந்து ரைடு என்ற பெரிய சிம்பலுக்கு மாற்றிவிட்டார்கள். ஓட்டம் அங்கே இருக்கிறது. ஸ்னேரும் பாஸ் டிரமும் மற்ற வாத்தியக்காரர்களோடு பேசிக்கொண்டிருக்கின்றன. மைல்ஸ் டேவிஸ் குழுவில் 1963-இல், 17 வயதில் சேர்ந்த டோனி வில்லியம்ஸைக் கேட்கும்போது ரைடை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். ஜான் கோல்ட்ரேனோடு வாசித்த எல்வின் ஜோன்ஸைக் கேட்கும்போது, மூன்று மூன்றாகப் புரளும் அடிகள் கைகளிலும் கால்களிலும் பங்கிடப்பட்டிருப்பதைக் கவனியுங்கள்.

பழைய பதிவுகளில் வேகம் லேசாக ஏறுவதை உடனே குறையாக எண்ணுவதும் வேண்டாம். மெட்ரோனோம் ஒலி இல்லாமல் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்த பதிவுகளில், பல்லவி வரும்போது பேண்டே சேர்ந்து கொஞ்சம் முன்னே சாயும். எல்லோரும் சேர்ந்து நகர்ந்தால் அது உணர்வு. ஒருவர் மட்டும் ஓடினால்தான் தவறு.

கேட்கும் முறைக்கு ஒரு யோசனை. பிடித்த ஒரே பாட்டை எடுத்துக்கொண்டு, ஒரு தடவை ஹை-ஹாட்டை மட்டும் கேளுங்கள். அடுத்த தடவை பாஸ் டிரமும் பேஸ் கிட்டாரும் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்று கேளுங்கள். இன்னொரு தடவை ஸ்னேர் பீட்டின் நடுவில் விழுகிறதா, மயிரிழை பிந்தி விழுகிறதா என்று பாருங்கள். ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் சோல் பதிவுகளில் அல் ஜாக்சன் ஜூனியர் அந்த அடியைத் தாமதப்படுத்தும் அழகுக்காகவே இதைச் செய்யலாம். அதன் பிறகு நீங்களும் கூடவே வாசியுங்கள், பாடகரின் குரல் முழுப் பாட்டிலும் உங்கள் காதில் தெளிவாக விழும் அளவுக்கு மெல்ல.