கடையில நிக்கப் போறீங்களா? கொஞ்சம் இதைக் கேட்டுட்டுப் போங்க

இங்க மலேசியாவுல எஸ்பிஎம், அதாவது அஞ்சாம் படிவப் பரீட்சை, எழுதி முடிச்சிட்டு ரிசல்ட் வர்ற வரைக்கும் கடையில நிக்கப் போற பிள்ளைங்க இப்ப நிறைய பேரு. என்கிட்டயே ரெண்டு பேரு வந்து "அக்கா, கடை வேலை ரொம்ப போரடிக்குமா"னு கேட்டாங்க, அவங்களுக்குச் சொன்னதைத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதறேன். நான் சுங்கை சிப்புட்ல எங்க அப்பாவோட சில்லறைக் கடையில பதினாலு வருஷமா நிக்கறேன். சுத்தி எல்ஃபில், ஹேவூட், டோவன்பினு தோட்டங்க, பாதி பேரு லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, விட்டு டவுன் பக்கம் வீடு வாங்கி வந்துட்டாங்க, ஆனா சாமான் வாங்க வர்ற முகம் இன்னும் அதே முகம்தான். கால் வலிக்கும், அதுல மாத்துக் கருத்து இல்ல. ஆனா இந்த வேலையில ஒரு சந்தோஷம் இருக்கு, அது தானா வந்து ஒட்டாது, சில விஷயத்தைச் சரியா செஞ்சா மட்டும்தான் வரும்.

முதல்ல தேதியைப் பாருங்க. 1955 வேலைச் சட்டப்படி முந்தின மாசத்துச் சம்பளம் 7-ஆம் தேதிக்குள்ள கைக்கு வந்துடணும், அதனால முதல் வாரம் கடை நிறைஞ்சிருக்கும், அரிசி மூட்டை, மைலோ, மீன் டின்னு, எல்லாம் மொத்தமா போகும். அந்த வாரத்துல யார்கிட்டயும் நின்னு பேச நினைக்காதீங்க, பின்னாடி பத்து பேரு மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணி வச்சிட்டு நிப்பாங்க, மளமளனு பில் போட்டு அனுப்புங்க. 20-க்கு மேலதான் கடை அமைதியாகும், வர்றவங்க அஞ்சு வெள்ளிக்கு (ரிங்கிட்டைத்தான் வெள்ளினு சொல்லுவோம்) பத்து வெள்ளிக்குத்தான் வாங்குவாங்க, ஆனா நின்னு பேசுவாங்க. எனக்கு மனசுல நிக்கற விஷயம் எல்லாமே மாசக் கடைசியில நடந்ததுதான்.

அடுத்து எடை போடறது. இதுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்லணும், ஏன்னா புதுசா வர்ற பிள்ளைங்க எல்லாம் இங்கதான் தப்பு பண்றாங்க. 1972-லயே சட்டம் போட்டு, அப்புறம் நாடே கிலோவுக்கு மாறிடுச்சு, ஆனா எங்க கடைக்கு வர்ற பாட்டிங்க இன்னும் "அரை கட்டி சின்ன வெங்காயம் போடு பாப்பா"னுதான் கேப்பாங்க. ஒரு கட்டினா 600 கிராம் சொச்சம், அரை கட்டினா 300 கிராம் போட்டா சரி. "கட்டி எல்லாம் இப்ப இல்ல பாட்டி, கிலோவுல சொல்லுங்க"னு திருத்தப் போகாதீங்க, நீங்க மனசுக்குள்ள கணக்கு போட்டுக்கறதுக்கு ஒரு செகண்டுதான் ஆகும். அப்புறம் அள்ளும்போது எப்பவும் கொஞ்சம் குறைவா போட்டு, முள்ளைப் பார்த்துப் பார்த்து ஏத்துங்க. அதிகமா கொட்டிட்டு ஒன்னொன்னா எடுக்காதீங்க, எடை ரெண்டும் ஒன்னுதான், ஆனா தட்டுலேர்ந்து வெங்காயத்தைத் திரும்ப எடுக்கறதைப் பார்க்கறவங்களுக்கு அவங்க பொருளையே எடுத்த மாதிரி இருக்கும். முள்ளு சரியா நின்னதுக்கு அப்புறம் ரெண்டு வெங்காயம் மேல போடுங்க. அந்தப் பாட்டி தராசைப் பார்க்கவே மாட்டாங்க, உங்க கையைத்தான் பார்ப்பாங்க, அந்த ரெண்டு வெங்காயம் விழும்போது முகத்துல ஒரு சின்ன அசைவு வரும் பாருங்க, எனக்கு அதுக்காகவே காலையில கடை தொறக்கத் தோணும்.

சாமான் பேரை மூனு பாஷையில கத்துக்கங்க. மலாய்ல சீரகம் ஜிந்தான் பூத்தே, சோம்பு ஜிந்தான் மானிஸ், வெந்தயம் ஹல்பா, மல்லி கெத்தும்பார், இது நாலும் குழம்பாம வாயில வந்துட்டா பாதி வேலை முடிஞ்சுது. மலாய்க்காரங்க வந்து "எம்பாட் செகாவான்" கேட்டா முழிக்காதீங்க, பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ, இந்த நாலையும் சேர்த்துதான் அப்படிச் சொல்லுவாங்க, நாலு கூட்டாளினு அர்த்தம், எவ்வளவு அழகான பேரு பாருங்க. ஒரு தடவை ஒரு மாச்சிக், அதாவது மலாய்க்கார அம்மா, வந்து ஹல்பா சம்போர் கேட்டாங்க, அதாவது வெந்தயம் கடுகு சீரகம் சோம்பு கலந்தது, எங்க கடையில கலந்த பாக்கெட் தீர்ந்துபோச்சு. இல்லனு சொல்லி அனுப்பாம நாலையும் தனித்தனியா எடுத்து அவங்க முன்னாடியே கலந்து, "இவ்வளவு போதுமா மாச்சிக்"னு கேட்டேன். அவங்க உள்ளங்கையில கொஞ்சம் கொட்டிப் பார்த்துட்டு வெந்தயத்தைக் குறைக்கச் சொன்னாங்க, வெந்தயம் கூடினா மீன் கறி கசந்துடும், எண்ணெய் ரொம்ப சூடாகறதுக்கு முன்னாடியே போடணும், கருக விடக்கூடாதுனு கால் மணி நேரம் சொல்லிக் குடுத்தாங்க. எங்க வீட்டு மீன் குழம்பு அன்னிலேர்ந்து மாறிடுச்சு, எங்க அம்மாவே கேட்டாங்க என்னடி பண்ணினேனு. மூனு வெள்ளி வியாபாரம்தான் அது.

கடன் நோட்டு பத்திச் சொல்லாம இருக்க முடியாது. 555 நோட்டு, உள்ளங்கை அளவுதான் இருக்கும், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்னு, மலேசியாவுல சில்லறைக் கடை வச்சவங்க யாரைக் கேட்டாலும் தெரியும். இதுல ஒரே ஒரு சட்டம்தான், தொகையை வாய்விட்டுச் சொல்லக்கூடாது. நான் கடைக்கு வந்த முதல் வருஷம், ஒரு அக்கா கேட்டாங்கனு நான் பாட்டுக்கு "நூத்தி நாப்பத்தி ரெண்டு வெள்ளிக்கா"னு சத்தமா சொல்லிட்டேன், பக்கத்துல அவங்க சம்பந்தி நின்னுக்கிட்டு இருந்தாங்க. அந்த அக்கா ஒன்னும் பேசல, சம்பளம் வந்த அன்னிக்கு மொத்தத்தையும் கட்டிட்டுப் போனவங்க மூனு மாசம் கடைப் பக்கமே வரல. அப்பா என்னைத் திட்டல, நோட்டை எப்படிக் காட்டணும்னு மட்டும் சொல்லிக் குடுத்தாரு: பக்கத்தைப் பிரிச்சு, அவங்க பக்கமா திருப்பி, கவுண்டர் மேல வச்சிட்டு நீங்க வேற ஏதாவது சாமானை அடுக்கற மாதிரி திரும்பிக்கணும். இன்னிக்கும் அப்படித்தான் பண்றேன். அந்த அக்கா திரும்ப வந்தப்ப, "பாப்பா, கொஞ்சம் கருவாடு குடு"னு சாதாரணமா கேட்டாங்க, எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

சில்லறை பாக்கி விஷயத்துல வயசானவங்களுக்குச் சந்தேகம் வரும், அது நியாயம்தான். 2008 ஏப்ரல் 1-லேர்ந்து காசா குடுத்தா மொத்த பில்லை அஞ்சு சென்னுக்கு ரவுண்டு பண்ணணும், 12 வெள்ளி 37 சென் வந்தா 12.35, 38 வந்தா 12.40. ரெண்டு சென் கூட வாங்கும்போது வாயால சொல்லிட்டு வாங்குங்க, அடுத்த தடவை குறையும்போதும் மறக்காம சொல்லுங்க.

அப்புறம் ஐசி (அடையாள அட்டை, மைகார்டுனும் சொல்லுவோம்), லெட்டர் இதெல்லாம். 2025-ல 18 வயசும் அதுக்கு மேலயும் இருக்கற குடிமக்கள் எல்லாருக்கும், அத்தியாவசியச் சாமான் வாங்க அரசாங்கம் தர்ற சாரா உதவி 100 வெள்ளி மைகார்டுலயே போட்டாங்க இல்லையா, ஆகஸ்ட் 31-லேர்ந்து டிசம்பர் 31 வரைக்கும், அப்ப எங்க கடைக்கு ஒரு தாத்தா வந்தாரு, கையில ஐசியைப் பிடிச்சிக்கிட்டு "இதுக்குள்ள காசு இருக்காம், எப்படிம்மா எடுக்கறது"னு கேட்டாரு. காசா எடுக்க முடியாது, குறிப்பிட்ட சாமான்தான் வாங்கலாம்னு பொறுமையா சொல்லி, அரிசி, பிஸ்கட், சோப்புனு எது எது வாங்கலாம்னு ஒன்னொன்னா தொட்டுக் காட்டினேன். மெஷின்ல ஐசியை விட்டு எடுத்தோன்ன, மீதி எவ்வளவுனு துண்டுக் காகிதத்துல பெருசா எழுதிக் குடுத்தேன். அடுத்த வாரம் அதே துண்டைச் சட்டைப் பாக்கெட்லேர்ந்து எடுத்து நீட்டினாரு, நாலா மடிச்சு, பிளாஸ்டிக் பைக்குள்ள போட்டு வச்சிருந்தாரு. ஒரு எழுத்து கூட கலையல.

இந்த மாதிரி உதவிக்குக் கூட்டம் இல்லாத நேரமா பார்த்து, ரெண்டு மணி மூனு மணிக்கு வரச் சொல்லுங்க. சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், அங்கேர்ந்து லெட்டர் வந்தா கொண்டாந்து "படிச்சிச் சொல்லும்மா"னு நீட்டுவாங்க, முழுசா படிச்சு முடிச்சிட்டு அப்புறம் தமிழ்ல சொல்லுங்க, பாதியில "ஐயையோ"னு முகத்தை மாத்தினா அவங்க பயந்துடுவாங்க. கடைசித் தேதி இருந்தா காலண்டர்ல வட்டம் போட்டுக் குடுங்க. அதுல இருந்ததை வெளியில யார்கிட்டயும், வீட்டுலயும் கூட, பேசாதீங்க.

தோட்டத்துல வேலை செய்யற பங்களாதேஷ், நேப்பாள் பையனுங்க வந்தா அவங்க பாஷையில ஒரு வார்த்தையாவது கத்துக்கிட்டுக் கூப்பிடுங்க, பங்களாதேஷ் பையனைப் பாய்னோ (சகோதரன்), நேப்பாள் பையனைத் தாய்னோ (அவங்க பாஷையில அண்ணன்). அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்த பிள்ளைங்க, நாள் முழுக்கச் செம்பனைக் குலை தூக்கிட்டு வர்றவங்க, தோள் பட்டையெல்லாம் காயமா இருக்கும். கோடாலித் தைலம் கேட்டா சின்ன பாட்டிலா பெரிய பாட்டிலானு மட்டும் கேக்காம, எங்க வலிக்குதுனு ஒரு வார்த்தை கேளுங்க.

இன்னும் ஒன்னு. சாயந்திரம் கடை சாத்தறப்ப கவுண்டர் ஓரத்துல ஒரு முருங்கைக்கீரைக் கட்டோ, நாலு எலுமிச்சம்பழமோ, பழைய பேப்பர்ல சுத்தின ரெண்டு வாழைப்பூவோ இருக்கும், யாரு வச்சதுனு தெரியாது. மறந்து வச்சிட்டுப் போயிட்டாங்கனு எடுத்துக்கிட்டு வெளியில ஓடாதீங்க. அது உங்களுக்குத்தான். முருங்கைக்கீரையா இருந்தா நாளைக்கு வச்சிக்கலாம்னு நினைக்காதீங்க, மஞ்சளாகி உதிர்ந்துடும், அன்னிக்கு ராத்திரியே ஆஞ்சு ரெண்டு முட்டை உடைச்சு ஊத்திப் பிரட்டிடுங்க. மறுநாள் காலையில வர்ற பாட்டிங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் "நேத்து கீரை நல்லா இருந்துச்சு பாட்டி"னு சொல்லிக்கிட்டே வாங்க, யாரு தலையைக் குனிஞ்சு சிரிக்கறாங்களோ அவங்க வச்சதுதான்.