கோடையில வீடு திருத்தேக்க எங்கட ஆக்கள் விடுற பிழையள்

சித்திரை வருசத்துக்கு முதல், இல்லாட்டி வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முதல் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கிறது எங்கட பக்கம் வழமை, பிறகு ஆடி ஆவணியில வெளிநாட்டில இருந்து சொந்தக்காரர் வருகினமெண்டால் திரும்பவும் ஒருக்கா அடிக்கிறது. வீடு வடிவா இருக்கட்டும், அதில பிழையில்லை. ஆனா சுவர் மூலையில ஈரம் ஊறிக் கறுத்த இடம், முகட்டுக்குக் கீழ தண்ணி வழிஞ்ச கோடு, இதெல்லாம் போன மாரி உங்களுக்குக் காட்டிவிட்டுப் போன அடையாளம். அதைத் திருத்தாமல் மேல பெயின்றை அடிச்சு மறைச்சால் ஐப்பசியில ஒழுக்கு தொடங்கேக்க கொட்டுற மழைக்குள்ள நிண்டுதான் இடத்தைத் தேடோணும், அந்த நேரம் மேசனைப் பிடிக்கவும் ஏலாது.

பெயின்ற் அடிக்க முதல் அந்த இடங்களை ஃபோனில படம் எடுத்து வையுங்கோ. இன்னொண்டு, சுவரில கறை இருக்கிற இடத்துக்கு நேர மேலதான் ஓட்டை இருக்குமெண்டு நினைக்கிறதும் பிழை. தண்ணி மேல ஓரிடத்தால இறங்கி, கைமரம் வழிய ஓடி, வேற இடத்திலதான் சொட்டும். ஒராள் வெளியில நிண்டு ஹோஸால கூரையின்ர கீழ் விளிம்பில இருந்து மெல்ல மெல்ல மேல நோக்கித் தண்ணி அடிக்க, மற்றாள் உள்ள ரோச் அடிச்சுப் பாத்தால் இடம் பிடிபடும். மேல இருந்து அடிச்சுக்கொண்டு வந்தால் எல்லாம் நனைஞ்சு ஒண்டும் விளங்காது.

தகரமும் சீற்றும் போட்ட வீடுகளில அநேகமா ஒழுகிறது ஆணியடியிலதான். வெயிலுக்கு றப்பர் வாஷர் காய்ஞ்சு வெடிச்சிரும், கோடையில அடிக்கிற சோளகக் காத்துக்குத் தகரம் ஆடி ஆணி இளகும். வாஷரை மாத்தாமல் மேல சீமெந்தை அப்பிறது வீண் வேலை, தகரம் சூட்டுக்கு விரிஞ்சு சுருங்கேக்க அது கழண்டு விழும். அஸ்பெஸ்டஸ் சீற் எண்டால் தயவுசெய்து கம்பி பிரஷ்ஷால பாசி சுரண்டாதேங்கோ, காய்ஞ்ச சீற்றை வாளால அறுக்காதேங்கோ, அந்தத் தூசி நுரையீரலுக்கு மிச்சம் கூடாது, வருத்தம் கன வருசத்துக்குப் பிறகுதான் தெரியவரும். பழைய சீற்றில நேரா கால் வைக்கவும் கூடாது, பாக்க உறுதியா இருக்கும், மிதிச்சவுடன உடையும். கைமரங்களுக்கு மேல வாறமாதிரிப் பலகை போட்டு அதில ஏறுங்கோ.

அடுத்தது பூச்சு. கோடையில சுவர் பூசினால் கெதியில காயும், வேலை முடிஞ்சிரும் எண்டு எல்லாரும் நினைக்கிறம், ஆனா சீமெந்து இறுகிறதுக்கு ஈரம் வேணும். சோளகமும் அடிச்சு வெயிலும் எறிச்சால் பூசி கொஞ்ச நேரத்திலயே தண்ணி எல்லாம் போயிரும், பிறகு மெல்லிய மெல்லிய வெடிப்பா வரும், மாரியில அதுக்குள்ளாலதான் ஈரம் இறங்கும். சுவரை முதல் நனைச்சு, வெயில் தாழப் பூசி, ஒரு கிழமைக்கெண்டாலும் காலமையும் பின்னேரமும் தண்ணி அடியுங்கோ, சாக்கை நனைச்சுத் தொங்கவிட்டாலும் நல்லது. மேசன் கூலி வாங்கிக்கொண்டு போயிருவார், தண்ணி அடிக்கிறது வீட்டுக்காரர் பாடு.

களிமண் தரையில கட்டின வீடுகளுக்கு வேறயா ஒரு பிரச்சினை இருக்கு. கோடைக்கு மண் சுருங்கும், மழைக்கு ஊதும், சுவர் வெடிப்பும் அதோட சேர்ந்து கூடிக் குறையும். வெடிப்பின்ர ரெண்டு நுனியிலயும் பென்சிலால கோடு போட்டுத் திகதியை எழுதி வையுங்கோ. நீண்டுகொண்டு போகுதெண்டால் அத்திவாரம் தெரிஞ்ச ஆளைக் கூப்பிடோணும், சும்மா சீமெந்தால அடைச்சுப்போட்டு இருக்கக் கூடாது.

கூரைத் தண்ணி ஓடுற பீலியைக் கழுவிறதை கார்த்திகைக்குத் தள்ளாதேங்கோ. வேப்பஞ்சருகு அடைச்ச பீலியில நிக்கிற தண்ணியில டெங்கு நுளம்பு பெருகும், அதின்ர முட்டை தண்ணி வத்தினாலும் மாசக்கணக்கில கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும், அதால சருகை அள்ளினால் காணாது, உள்பக்கத்தைத் தேய்ச்சுக் கழுவோணும்.

2018 மார்கழியில இரணைமடுக் குளத்தின்ர வான்கதவு திறந்து கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வெள்ளம் ஏறினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அப்பிடியிருந்தும் இப்பவும் வளவை உயர்த்த கிரவல் கொட்டேக்க தண்ணி ஓடுற வாய்க்காலையும் சேத்து மூடுகினம். தண்ணிக்கு வழி விடாட்டி அது பக்கத்து வீட்டுக்குள்ள போகும், இல்லாட்டி உங்கட அத்திவாரத்தடியில நிக்கும். காய்ஞ்சு கிடக்கேக்க வாய்க்கால் வெறும் பள்ளம் மாதிரித்தான் தெரியும், போன மாரியில தண்ணி எங்கால ஓடினதெண்டு அக்கம்பக்கத்தில வயசான ஆக்களைக் கேட்டுப்போட்டுக் கொட்டுங்கோ.

கடைசியா கிணறு, இது உயிர் போற விசயம். தண்ணி மட்டம் இறங்கிற ஆவணி புரட்டாதியில கிணறு இறைச்சுச் சேறு அள்ளுறது சரியான காலம்தான். ஆனா தண்ணி ஆழத்தில கிடக்குதெண்டு மண்ணெண்ணை மோட்டரையோ பெற்றோல் மோட்டரையோ கிணத்துக்குள்ள இறக்கி ஓடவிடாதேங்கோ. அதின்ர புகையில இருக்கிற காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. முதல் இறங்கினவர் மயங்கி விழ, அவரைத் தூக்க அண்ணனோ தம்பியோ இறங்கி அவரும் விழுவார், இப்பிடித்தான் ஒரே குடும்பத்தில ரெண்டு மூண்டு உயிர் போறது. விளக்கு இறக்கிப் பாத்து அணையேல்லை, இறங்கலாமெண்டு சொல்லுறதும் இதுக்குச் சரிவராது, ஒட்சிசன் குறைஞ்சால்தான் விளக்கு அணையும், இந்த வாயு இருந்தாலும் அது எரியும். மோட்டர் மேலயே, காத்து கிணத்துப் பக்கம் புகையைக் கொண்டு வராத இடத்தில நிக்கட்டும். மேல வைச்சு இழுக்க ஏலாத ஆழமெண்டால் கரண்டில ஓடுற பம்மை இறக்குங்கோ, ஆனா ஆள் இறங்க முதல் கரண்டை நிப்பாட்டி வயரையும் கழட்டோணும். இறங்கிறவருக்கு இடுப்பில கயிறு கட்டி, மேல ரெண்டு பேர் பிடிச்சுக்கொண்டு கதை குடுத்துக்கொண்டே இருக்கோணும். அவர் மறுமொழி சொல்லாட்டி கயிற்றால இழுக்கிறதுதான், பின்னால ஒருத்தரும் குதிக்கக் கூடாது.

இறைச்ச கையோட கிணத்துக் கட்டில வெடிப்பு இருந்தால் பூசி, வெள்ளம் வந்த மட்டத்துக்கு மேல கட்டை உயர்த்துங்கோ. குளோரின் எவ்வளவு போடுறதெண்டு உங்கட பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை (பி.எச்.ஐ) கேளுங்கோ, கிணத்தின்ர அளவையும் தண்ணி நிக்கிற ஆழத்தையும் சொன்னால் அவர் கணக்குப் பாத்துச் சொல்லுவார்.