வி.ஆர். ஹெட்செட்டுக்குள் உடலைக் காத்துக்கொள்வது எப்படி?

கைபேசியில் ஆசைகாட்டி இழுக்கும் வடிவமைப்பு நம் நேரத்தையும் பணத்தையும் தின்னும். அதே உத்தி, தலையில் மாட்டிக்கொண்டு மெய்நிகர் உலகைக் காணும் வி.ஆர். (மெய்நிகர் உண்மை) ஹெட்செட்டுக்குள் வரும்போது, கண் மறைக்கப்பட்டிருக்கும் நம்மை அறைக்குள் நடக்கவும் எம்பவும் வைக்கிறது. ஆடும் இடத்தின் எல்லைக்கு வெளியே எட்டாக்கனியாக மிதக்கும் பரிசும், குறைந்துகொண்டே போகும் நொடிக்கணக்கும் சுவர் இருப்பதையே மறக்கடித்துவிடும்.

முதலில், ஏறத்தாழ 2 மீட்டருக்கு 2 மீட்டர் இடத்தைக் காலி செய்யுங்கள். நெருங்கினால் எச்சரிப்பதற்காக ஹெட்செட்டில் நாம் குறித்துவைக்கும் எல்லைக்கோட்டைச் சுவரோரமாக வரையாமல் ஒரு கை நீளமாவது உள்ளே தள்ளி வரைவது நல்லது; ஏனெனில் எச்சரிக்கை கண்ணில் படுவதற்குள் வேகமாக வீசிய கை கோட்டைத் தாண்டியிருக்கும். தலைக்கு மேலுள்ள மின்விசிறியையும் மறக்க வேண்டாம்.

திரையில் தோன்றும் கோட்டை மட்டும் நம்பியிருப்பது போதாது. அமெரிக்காவின் நியூ ஹேவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மெய்நிகர் காட்சியைச் சிறிது சிறிதாக நகர்த்துவதன் மூலம், அணிந்திருப்பவர் அறியாமலேயே அவரை வேறோர் இடத்துக்கு நடத்திச் செல்ல முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். எனவே ஆடும் இடத்தின் நடுவே வழுக்காத சிறு விரிப்பு ஒன்றைப் போட்டு, அதன் விளிம்பைப் பாதத்தால் உணர்ந்துகொண்டே ஆடுங்கள். எந்த மென்பொருளாலும் மாற்ற முடியாத எல்லை அது ஒன்றுதான். என்னைக் கேட்டால், விலையுயர்ந்த துணைக்கருவிகளைவிட இதுவே பயனுள்ளது.

புதிய செயலியை முதல் முறை உட்கார்ந்தபடியே பயன்படுத்திப் பாருங்கள். பரிசுகள் உங்களை எந்தப் பக்கம் இழுக்கின்றன, வெளியேறும் பொத்தான் எளிதில் கிடைக்கிறதா, ஓய்வெடுத்தால் புள்ளிகள் பறிபோகின்றனவா என்று கவனியுங்கள். ஓய்வைத் தண்டிக்கும் செயலியில் நின்றுகொண்டு ஆடாமலிருப்பதே நல்லது, ஏனெனில் களைத்த உடல்தான் எளிதில் தடுமாறும். மெய்நிகர் மேசையில் சாயவோ நாற்காலியில் அமரவோ முயலாதீர்கள்.

அரை மணிக்கு ஒருமுறை 10 முதல் 15 நிமிடம் ஓய்வு தேவை. அதற்கான அலாரத்தை ஹெட்செட்டுக்கு வெளியே வையுங்கள்; ‘இன்னும் ஒரு சுற்று’ என்று ஆட்டம் கெஞ்சினாலும் அலாரம் அடித்ததும் கழற்றிவிடுங்கள். குமட்டலோ தலைச்சுற்றலோ தொடங்கினால் அலாரத்துக்கும் காத்திருக்க வேண்டாம். கழற்றிய பிறகு உடலின் சமநிலை முழுவதும் திரும்பும்வரை படியேறுவதையும் வண்டி ஓட்டுவதையும் தவிருங்கள்.