'அனுதாப ஓட்டு' என்று எழுதுவதற்கு முன்: நடிப்பு விருது அலசலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வெளியான மறுநாளே இளம் எழுத்தாளர்களின் கட்டுரைகள் என் மேசைக்கு வரத் தொடங்கிவிடும். யார் வெல்வார் என்ற கணிப்பு இருக்கும். ஏன் வெல்வார் என்ற இடத்தில் ஒரு சொல் தவறாமல் வந்து உட்கார்ந்திருக்கும்: அனுதாபம். இறந்துவிட்டார், ஆகவே அவருக்குக் கிடைக்கும். நோயிலிருந்து மீண்டார், ஆகவே கிடைக்கும். முப்பது ஆண்டுகளாகக் காத்திருக்கிறார், இனியும் கொடுக்காமல் இருப்பார்களா?

இந்த வரிகளையெல்லாம் நானும் ஒரு காலத்தில் எழுதியவன். அதனால்தான் அவற்றை மற்றவர் கையெழுத்தில் பார்க்கும்போது மனம் பதறுகிறது. பெயரைத் தப்பாக எழுதுவது, ஆண்டைக் குழப்புவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றைப் பக்கத்தில் இருப்பவரே திருத்திவிடுவார். அனுதாபத்துக்கு விருதுகளில் இடமே இல்லை என்றும் நான் வாதாடவில்லை. வாக்களிப்பவர்கள் அதே தொழிலில் இருப்பவர்கள். இறந்தவரோடு வேலை செய்தவர்கள், நோயுற்றவரைப் போய்ப் பார்த்தவர்கள். அவர்கள் மனம் அசைந்திருக்கும். அந்த அசைவுதான் விருதைத் தீர்மானித்தது என்று எழுதுவதற்கு எவ்வளவு சான்று வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

வென்றவர்களை மட்டும் எண்ணுவது

இன்றுவரை என்னை எரிச்சலூட்டும் தவறு இது. விரிவாகவே சொல்கிறேன்.

அண்மையில் வந்த ஒரு கட்டுரையில் இப்படி ஒரு பத்தி இருந்தது: பீட்டர் ஃபிஞ்ச் இறந்தார், விருது கிடைத்தது, ஹீத் லெட்ஜர் இறந்தார், விருது கிடைத்தது, ஆகவே மறைந்த கலைஞர் ஒருவர் போட்டியில் இருந்தால் விருது அவருக்கே. எழுதியவர் நிறையப் படிக்கும் பெண், உழைப்புக்கு அஞ்சாதவர். "இறந்தபின் பரிந்துரைக்கப்பட்டவர்கள் இவர்கள் இருவர்தானா அம்மா?" என்று கேட்டேன். "வேறு யாராவது இருக்கிறார்களா சார்?" என்று திருப்பிக் கேட்டார். ஒரு தாளை எடுத்து இருவரும் உட்கார்ந்து எழுதினோம்.

முதலில் ஜீன் ஈகல்ஸ். 1929-இல் இறந்தவர். அந்த ஆண்டுக்கு அதிகாரபூர்வப் பரிந்துரைப் பட்டியல் என்று ஒன்று வெளியாகவில்லை என்றாலும், பரிசீலிக்கப்பட்டவர்களில் அவர் இருந்தார். விருது மேரி பிக்ஃபோர்டுக்குப் போனது. அடுத்து ஜேம்ஸ் டீன். 1955 செப்டம்பர் 30 அன்று கார் விபத்தில் இறந்தபோது வயது 24. 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' படத்துக்காகவும் மறு ஆண்டு 'ஜயண்ட்' படத்துக்காகவும் அடுத்தடுத்து இரண்டு முறை பரிந்துரைக்கப்பட்டார். ஒருமுறை எர்னஸ்ட் போர்க்னைன் வென்றார், மறுமுறை யுல் பிரின்னர். இருபத்து நான்கு வயதில் போன ஓர் இளைஞனுக்காக உருகாத மனம் எங்கே உருகும்? ஆனாலும் இரண்டு முறையும் விருது வேறு கைக்குத்தான் போனது.

பிறகு ஸ்பென்சர் டிரேசி. 1967 ஜூனில், கடைசிப் படத்தின் படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களிலேயே மறைந்தார். வென்றவர் ராட் ஸ்டைகர். ரால்ஃப் ரிச்சர்ட்சன் 1983-இல் இறந்தார். 'கிரேஸ்டோக்' படத்தின் துணை நடிகர் பரிந்துரை அதன்பின் வந்தது. வென்றவர் ஹைங் நோர். இத்தாலியின் மாசிமோ ட்ரோய்சி இதய அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டு 'இல் போஸ்டினோ' படத்தை நடித்து முடித்தார், முடித்த மறுநாள் இறந்தார். இதைவிட உருக்கமான கதை எந்தப் பட்டியலில் இருக்கிறது? வென்றவர் நிக்கோலஸ் கேஜ். கடைசியாக, தன் நோயை வெளியே சொல்லாமலே இருந்து 2020 ஆகஸ்டில் மறைந்த சாட்விக் போஸ்மன். வென்றவர் ஆண்டனி ஹாப்கின்ஸ்.

ஃபிஞ்சையும் லெட்ஜரையும் சேர்த்து 8 பேர், 9 முறை, 2 வெற்றி. பொதுவாக ஒரு பிரிவில் ஐந்து பேர் போட்டியிடுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு சீட்டுக் குலுக்கினாலும் 9 முறைக்கு ஏறத்தாழ 2 வெற்றி கிடைக்கும். அந்தப் பெண் தாளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது என்பது சிறிய எண்ணிக்கை. அனுதாபம் இல்லவே இல்லை என்று நிரூபிக்க அது போதாது. பரிந்துரை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்ததே அனுதாபமாக இருக்கலாம். ஆனால் இறந்தவருக்கே விருது என்ற விதியை உடைக்க அது தாராளமாகப் போதும்.

இனி வென்ற இருவரைப் பாருங்கள். ஃபிஞ்ச் 1977 ஜனவரி 14 அன்று ஓட்டல் முகப்புக் கூடத்தில் மாரடைப்பால் சரிந்து இறந்தார். மார்ச்சில் 'நெட்வொர்க்' படத்துக்காகச் சிறந்த நடிகர் விருது. அதே இரவில் அதே படத்துக்காக ஃபே டனவேயும் பீட்ரிஸ் ஸ்ட்ரெய்ட்டும் நடிப்பு விருது பெற்றார்கள். அவர்கள் இருவரும் உயிரோடு இருந்தார்கள். ஒரு படம் மூன்று நடிப்பு விருதுகளை அள்ளும்போது, அதில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து மரணத்தின் கணக்கில் எழுதுவது எப்படி? லெட்ஜர் இறந்தது 2008 ஜனவரி. 'தி டார்க் நைட்' வெளியானது ஜூலை. விருது கிடைத்தது 2009 பிப்ரவரி. இடையில் ஓராண்டுக்கும் மேல் ஓடிவிட்டது. அதற்குள் கோல்டன் குளோப், பிரிட்டனின் பாஃப்டா, திரை நடிகர் சங்க விருது எல்லாமே அவருக்கு வந்துவிட்டன.

இந்த வாதத்தின் பெரிய கோளாறு, அதை யாராலும் தோற்கடிக்க முடியாமல் வளைத்துக்கொள்வது. டிரேசி தோற்றார் என்று சொன்னால், "அதே படத்துக்காக கேத்தரின் ஹெப்பர்ன் வென்றாரே, அனுதாபம் அவருக்குப் போய்விட்டது" என்பார்கள். வென்றாலும் அனுதாபம், தோற்றாலும் அனுதாபம் பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்தது என்றால், வாசகருக்கு நாம் எதைச் சொல்லியிருக்கிறோம்?

நானும் இதில் விழுந்தேன். 2021 ஏப்ரலில், விருது விழாவுக்கு முந்தைய நாளே போஸ்மன் வென்றுவிட்டதாக வைத்து முழுப் பக்கக் கட்டுரை எழுதிக் கொடுத்திருந்தேன். படம், தலைப்பு, மனைவி மேடையில் விருதைப் பெறும்போது சேர்க்க வேண்டிய வரிகள் எல்லாம் தயார். அந்த ஆண்டு வழக்கத்தை மாற்றிச் சிறந்த நடிகர் விருதைக் கடைசியாக வைத்தபோது என் நம்பிக்கை இன்னும் இறுகியது. உறையைப் பிரித்தார்கள். ஹாப்கின்ஸ். வயது 83, அவர் அரங்கிலேயே இல்லை, வேல்ஸில் இருந்தார். நிகழ்ச்சி சட்டென்று முடிந்தது. என் பக்கத்தைக் கிழித்து வேறு பக்கம் கட்ட இரண்டு பேர் மதியம் வரை உட்கார வேண்டியிருந்தது.

சான்று என் கண்ணெதிரே இருந்தது. கோல்டன் குளோபும் திரை நடிகர் சங்க விருதும் போஸ்மனுக்குப் போயிருந்தன. ஆனால் இறுதி வாக்களிப்பு தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன் பாஃப்டா ஹாப்கின்ஸுக்குப் போனது. சொந்த நாட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று அதைத் தள்ளிவிட்டேன். டீனையும் ட்ரோய்சியையும் மறந்தேன்.

பக்கம் வீணானதைவிட என்னை வருத்தியது வேறு. மறுநாள் அந்தக் கட்டுரையைத் திரும்பப் படித்தேன். போஸ்மனின் நோய், மௌனம், மரணம் பற்றி எட்டுப் பத்திகள்; அவர் நடிப்பைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம். 'மா ரெய்னிஸ் பிளாக் பாட்டம்' படத்தில் எக்காளக் கலைஞன் லெவீ, ஒத்திகை அறையில் திறக்காத ஒரு கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருப்பான். கடைசியில் தோளால் மோதித் திறந்தால், வெளியே நான்கு பக்கமும் செங்கல் சுவர், மேலே மட்டும் வானம். அந்த இடத்தில் போஸ்மன் தலையை நிமிர்த்தி நிற்கும் விதத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அவரைப் பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு அவர் வேலையையே மறைத்திருந்தேன்.

தேதியைப் பார்க்காமல் எழுதுவது

அனுதாபத்தால் வந்த வெற்றி என்று உறுதியான காலவரிசையோடு காட்டத்தக்க ஒரு நிகழ்வு இருக்கிறதென்றால் அது எலிசபெத் டெய்லருடையது. ஆனால் அதையும் பாதியாகத்தான் எழுதுகிறார்கள்.

'பட்டர்ஃபீல்டு 8' படத்துக்கான பரிந்துரை 1961 பிப்ரவரி இறுதியில் வந்தது. மார்ச் தொடக்கத்தில் லண்டனில் கடுமையான நிமோனியா; மூச்சு நின்றுபோகும் நிலையில் தொண்டையில் துளையிட்டு உயிரைக் காப்பாற்றினார்கள். ஏப்ரல் 17 அன்று, கழுத்தில் அந்தத் தழும்போடு அவர் விழாவுக்கு வந்து விருதைப் பெற்றார். ஆக, நோய் வந்தது பரிந்துரைக்குப் பின், விருதுக்கு முன். பரிந்துரையை நோயோடு முடிச்சுப் போட முடியாது. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளும் அவர் தொடர்ந்து பரிந்துரைக்கப்பட்டவர்தான். இறுதி வாக்கைத்தான் சந்தேகிக்கலாம்.

இந்த வேறுபாடு முக்கியம். நடிப்புப் பிரிவில் பரிந்துரைப்பவர்கள் நடிகர்கள் மட்டும். இறுதியில் வாக்களிப்பவர்கள் எல்லாத் துறை உறுப்பினர்களும். அங்கே அதிக வாக்கு யாருக்கோ அவரே வெற்றியாளர். பாதிக்கு மேல் வேண்டியதில்லை. ஐந்து பேர் மோதும்போது, ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தாலே ஒருவர் வெல்ல வழி உண்டு. மனமிரங்கிய ஒரு சிறு கூட்டம் முடிவைத் திருப்பிவிடக்கூடிய ஏற்பாடு இது. அனுதாபம் வேலை செய்யுமென்றால் இந்த இடுக்கில்தான் செய்யும்.

டெய்லர் விஷயத்தில் எனக்குத் தோன்றுவது இதுதான். நடிகை டெபி ரெனால்ட்ஸின் கணவரை அவர் மணந்துகொண்டதால் அமெரிக்கப் பொதுமக்களிடையே அவர் மேல் பெரும் கோபம் இருந்தது. நோய் அந்தக் கோபத்தைத் தணித்தது. புதிதாக வாக்குகளைக் கொண்டுவந்ததைவிட, அவருக்கு எதிரான தடையை அது நீக்கியிருக்க வேண்டும். 'தி அபார்ட்மென்ட்' படத்துக்காகப் போட்டியில் இருந்த ஷெர்லி மெக்லைன், அந்தத் தொண்டை அறுவை சிகிச்சையிடம்தான் தோற்றேன் என்று சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அது தோற்ற போட்டியாளர் சொன்னது. சான்றாக எடுக்கும்போது அதை நினைவில் வையுங்கள். அதே போட்டியில் டெபோரா கெர் இருந்தார். அது அவருடைய ஆறாவது பரிந்துரை, கடைசிப் பரிந்துரையும் கூட. ஒருமுறையும் வென்றதில்லை. நீண்ட காத்திருப்புக்கு இரங்குவார்கள் என்றால் அன்று அவருக்கு ஏன் இரங்கவில்லை?

வாக்கு எண்ணிக்கையை ஊகிப்பது

ஆஸ்கர் வழங்கும் அகாடமி அதை வெளியிடுவதில்லை. 'நூலிழையில்', 'ஏகோபித்து' இரண்டையும் அடித்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுவது

மரணத்துக்கு இரங்குவது வேறு, பழைய கடனைத் தீர்ப்பது வேறு, தொழிலில் சரிந்து மீண்டு வந்தவரை வரவேற்பது வேறு. பெட்டி டேவிஸ் 1934-இல் பரிந்துரைக்கப்படாதது பெரிய சலசலப்பானது. மறு ஆண்டு 'டேஞ்சரஸ்' படத்துக்கு விருது வந்தபோது அதை ஆறுதல் பரிசாகவே அவர் கருதினார். அங்கே வேலை செய்தது குற்றவுணர்வு என்று எழுதினால் பொருந்தும். பால் நியூமன் ஏழாவது நடிப்புப் பரிந்துரையில் வென்றார். அல் பசினோ 1993-இல் வென்றார். இவை கடன் தீர்த்த கணக்கு. ஆனால் அந்தக் கடனும் எல்லோருக்கும் அடைபடுவதில்லை. பீட்டர் ஓ'டூல் 8 பரிந்துரை, ரிச்சர்ட் பர்ட்டன் 7. போட்டியில் இருவரும் ஒருமுறைகூட வெல்லவில்லை. 1997-இல் மூத்த நடிகை லாரன் பகாலுக்கு உறுதி என்று எல்லோரும் எழுதினார்கள். ஜூலியட் பினோஷ் வென்றார். மீண்டு வந்தவர்களிலும் பிரெண்டன் ஃப்ரேசர் வென்றார். மிக்கி ரூர்க்கும் சில்வஸ்டர் ஸ்டாலோனும் தோற்றார்கள். எந்த வகை என்று பெயர் சொல்லி எழுதுங்கள், அந்த வகையில் தோற்றவர்களையும் கூடவே எழுதுங்கள்.

மேடைக் கண்ணீரைச் சான்றாக்குவது

வாக்களிப்பு அதற்குப் பல நாட்கள் முன்பே முடிந்துவிட்டது.

உடற்குறையைப் பார்த்ததும் இரக்கம் என்று முடிவுகட்டுவது

ஹெரால்ட் ரஸ்ஸல் தொழில்முறை நடிகர் அல்ல. 1944-இல் ராணுவப் பயிற்சியின்போது நேர்ந்த வெடிவிபத்தில் இரண்டு கைகளையும் இழந்தவர். 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' படத்தில் போரிலிருந்து திரும்பும் மாலுமியாக நடித்தார். போட்டியில் அவர் வெல்ல வாய்ப்பில்லை என்று எண்ணிய அகாடமி நிர்வாகம், முன்னாள் வீரர்களுக்கு நம்பிக்கையூட்டியதற்காக ஒரு சிறப்பு விருதைத் தனியே ஒதுக்கியது. 1947 மார்ச்சில் அந்த விருதும் அவருக்குக் கிடைத்தது. துணை நடிகர் விருதும் கிடைத்தது. ஒரே பாத்திரத்துக்காக இரண்டு ஆஸ்கர் பெற்றவர் அவர் மட்டுமே. இரக்கத்துக்கென்று நிர்வாகம் தனி வழியே திறந்து வைத்தபிறகும் உறுப்பினர்கள் நடிப்புப் பிரிவில் அவருக்கு வாக்களித்தார்கள். அந்தப் படத்தில், படுக்கைக்குப் போகும்முன் செயற்கைக் கைகளைக் கழற்றி வைத்துவிட்டு, இனி ஒரு கதவைக்கூடத் தன்னால் திறக்க முடியாது என்று காதலியிடம் அவர் விளக்கும் காட்சி இருக்கிறது. குரல் உயரவே உயராது. அதைப் பார்க்காமல் அவரைப் பற்றி எழுதாதீர்கள்.

மார்லி மேட்லின் 21 வயதில் 'சில்ட்ரன் ஆஃப் எ லெஸ்ஸர் காட்' படத்துக்காகச் சிறந்த நடிகை விருது பெற்றபோது, காது கேளாதவர் காது கேளாதவராக நடித்ததற்குக் கிடைத்த இரக்க வாக்கு என்று எழுதியவர்கள் உண்டு. காது கேட்பவர் காது கேட்பவராக நடித்து விருது வாங்கும்போது இப்படி யாரும் எழுதுவதில்லை. அந்தப் படத்தில் அவருடைய கைகள் வாதாடும் வேகத்தையும், திடீரென்று அவை அசையாமல் நின்றுவிடும் கணத்தையும் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகும் 'அனுதாபம்' என்ற சொல் வேண்டுமென்று தோன்றினால் என்னிடம் கொண்டுவாருங்கள். உட்கார்ந்து பேசுவோம்.