வால்வு ஆம்பும் 4 ஓம் ஸ்பீக்கரும்: என் அனுபவம்

என் ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) நான்கு ஈஎல்34 வால்வுகள் (ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்கள்), சேனலுக்கு 35 வாட். பழைய 8 ஓம் ஸ்பீக்கர்களோடு அருமையாகப் பாடிக்கொண்டிருந்தது. புது ஸ்பீக்கர் வந்ததும் பாஸ் கொழகொழத்தது. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாலே கரகரப்பு.

முதலில் வால்வைத்தான் சந்தேகப்பட்டேன். புதிது வாங்கிப் போட்டேன், காசு தண்டம். பிறகுதான் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் (ஓமில் அளக்கும் மின்தடை; ஒலியின் அதிர்வெண்ணுக்கேற்ப மாறும்) வரைபடத்தைப் பார்த்தேன். பெயருக்குத்தான் 4 ஓம்; 100 ஹெர்ட்ஸ் பக்கம் 3 ஓமுக்கு இறங்குகிறது. நானோ பழக்கதோஷத்தில் வயரை ஆம்பில் 8 ஓம் ஸ்பீக்கருக்கான முனையிலேயே மாட்டியிருந்தேன்! வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே உள்ள அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக வால்வுக்குத் தெரியும் சுமை (ஓம் அளவு), அந்த 100 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை.

ஆம்பை அணைத்துவிட்டு வயரை 4 ஓம் முனைக்கு மாற்றினேன். (அணைக்காமல் கழற்றாதீர்கள். ஸ்பீக்கர் இல்லாமல் ஓடினால் டிரான்ஸ்ஃபார்மரே கருகிவிடலாம்.) இந்த முனையில் ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸும் (ஆம்பின் சொந்த உள்தடை) ஏறக்குறைய பாதியாகிவிடுவதால், ஸ்பீக்கர் ஆம்பின் பிடிக்குள் வந்து பாஸ் இறுகியது. ஒலி சுமார் 3 டெசிபல் குறைந்தது. வால்யூமைத் திருகினால் தீர்ந்தது.

பெரிய ஆர்கெஸ்ட்ராவை உரக்கக் கேட்க மட்டும் இந்த 35 வாட் இன்னும் திணறுகிறது. அதற்கு என் டிரான்சிஸ்டர் ஆம்பைத்தான் போடுகிறேன்.