எந்திரம் வந்தும் புதுமை வராதது ஏன்? அரசு ஐடிஐகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 ஜூலையில் ஒரகடம் அரசு ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) ‘தொழில் 4.0’ மையத்தை, அதாவது கணினியும் ரோபோவும் சேர்ந்து இயங்கும் புதிய தொழில்முறைக்கான பயிற்சி மையத்தை, முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து தமிழ்நாட்டின் 71 அரசு ஐடிஐகளில் இத்தகைய மையங்களை அமைக்கும் திட்டம் அது. மதிப்பு ஏறக்குறைய 2,877 கோடி ரூபாய். ரோபோ, சிஎன்சி (கணினிக் கட்டளைப்படி உலோகத்தை வெட்டும் எந்திரம்), மின்வாகனம் என்று புதிய பாடப்பிரிவுகளும் கூடவே வந்தன. அப்புறம் 2025 மே மாதம், நாடு முழுவதும் 1,000 அரசு ஐடிஐகளை மேம்படுத்த 60,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ‘பிஎம் சேது’ என்பது அதன் பெயர்.

பணம் வருவதில் யாருக்கும் வருத்தம் இருக்க முடியாது. ஆனால் புதுமை, கூட்டுமுயற்சி என்ற பெயரில் இதற்கு முன் வந்த திட்டங்களைப் பார்த்தால், திரும்பத் திரும்ப நடந்த தவறுகள் சில தெரிகின்றன. எல்லாவற்றிலும் ஒரு பொது அம்சம் உண்டு: பட்டறையில் பிள்ளைகளோடு நிற்கும் பயிற்றுநரைக் கேட்காமலேயே எல்லாம் முடிவாகியிருக்கும்.

எந்திரத்தை வாங்கிவிட்டு இன்சர்ட்டுக்குப் பணம் வைக்காதது

ஒரு சிஎன்சி டர்னிங் எந்திரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஓட மும்முனை மின்சாரமும் ஸ்டெபிலைசரும் வேண்டும். சில எந்திரங்களுக்குக் கம்ப்ரஸர் காற்றும் தேவை. இவையெல்லாம் ஒருமுறைச் செலவு, எப்படியோ டெண்டரில் சேர்ந்துவிடும். சேராமல் போவது அன்றாடச் செலவு: கூலன்ட், வெட்டும் இன்சர்ட் (டூலின் நுனியில் பொருத்தி, தேய்ந்தால் மாற்றும் சிறு துண்டு), ராடு, அளவுக்கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்க்கும் காலிப்ரேஷன், வாரண்டி முடிந்த பிறகு ஏஎம்சி என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம். எந்திரத்துக்கான தொகை ஒரு கணக்கில் வரும், மூலப்பொருளுக்கான தொகை வேறொரு கணக்கில் வரும், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை.

விளைவு, எந்திரம் பார்வையாளர் வரும் நாளில் மட்டும் ஓடும். மற்ற நாளில் சிமுலேட்டர், இல்லாவிட்டால் கரும்பலகை.

இதைவிடப் பெரிய தடை பயம். இன்சர்ட் உடையாமல் யாரும் சிஎன்சி கற்க முடியாது. புரோகிராமில் ஒரு மைனஸ் குறி தப்பினால் டூல் நேராகப் பொருளைப் பிடித்துச் சுற்றும் சக்கில் போய் மோதும். தனியார் பட்டறையில் அன்றைக்குத் திட்டு விழும், அத்தோடு போகும். அரசு நிலையத்திலோ அந்த எந்திரம் இருப்புப் பதிவேட்டில் யார் பெயரில் இருக்கிறதோ அவர் தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டும். சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்ற கவலை இருக்கிற பயிற்றுநர் பிள்ளைகளைப் பொத்தானில் கைவைக்க விடமாட்டார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் விடமாட்டேன்.

வாங்கும்போதே மூன்று ஆண்டுக்கான நுகர்பொருளையும் ஏஎம்சியையும் அதே ஆணையில் சேர்க்க வேண்டும். பயிற்சியின்போது ஏற்படும் சேதம் இவ்வளவு வரை இயல்பானது, அதற்குப் பொறுப்பு நிர்ணயம் கிடையாது என்று எழுத்தில் ஒரு விதி வேண்டும். வாய்மொழியாக மேலதிகாரி தைரியம் சொல்வது தணிக்கை நாளில் உதவாது. எந்த எந்திரம், அதை இயக்கும் கணினியான கன்ட்ரோலர் எந்தக் கம்பெனியுடையது என்பதையும் அந்தப் பிரிவின் பயிற்றுநரிடம் கேட்டு முடிவுசெய்ய வேண்டும். சுற்றுவட்டாரப் பட்டறைகளில் ஃபேனக் ஓடுகிறதா சீமென்ஸ் ஓடுகிறதா என்பது அவருக்குத் தெரியும். அவருக்கும் தெரியாதென்றால், தெரிந்துகொள்ள அவரை அனுப்பவில்லை என்று அர்த்தம். அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

ஒப்பந்தத்தோடு ஒத்துழைப்பு முடிந்துபோவது

2007-08இல் ஒன்றிய அரசு ஒரு கூட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. நாட்டில் 1,396 அரசு ஐடிஐகள் அதில் சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில் நிறுவனம் பங்காளி. அந்த நிறுவனத்தின் ஆள் தலைவராக ஐஎம்சி என்ற நிலைய மேலாண்மைக் குழு, அதைச் சங்கமாகப் பதிவுசெய்து அதன் கையில் 2.5 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன். ஐடிஐயின் முதல்வர் அதன் உறுப்பினர்-செயலர். குழுவில் மூத்த பயிற்றுநர் ஒருவருக்கும் பயிற்சியாளர் (அதாவது, பயிலும் மாணவர்) பிரதிநிதி ஒருவருக்கும்கூட இடம் வைத்திருந்தார்கள். காகிதத்தில் பார்த்தால் இன்றைக்கும் நல்ல ஏற்பாடுதான்.

எங்கே சறுக்கியது? முதலாவது, அது கடன். வட்டி இல்லாவிட்டாலும் அசலைத் திருப்பித் தர வேண்டும். பிள்ளைகளிடம் பெயரளவுக்குக் கட்டணம் வாங்கும், தமிழ்நாட்டைப் போன்ற மாநிலங்களில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் இலவச பஸ் பாஸும் சைக்கிளும் கொடுக்கும் ஒரு நிலையம் எங்கிருந்து கடன் அடைக்கும்? அதனால் பல குழுக்கள் பணத்தை வங்கியில் போட்டு வட்டியை எண்ணிக்கொண்டிருந்தன. அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது, அந்த விதிகளுக்குள் அதுதான் பாதுகாப்பான முடிவு.

இரண்டாவது, கூட்டத்தில் பேச ஒன்றும் இல்லை. தலைவராக வரும் மனிதவள மேலாளருக்கு லேத் பிரிவில் என்ன நடக்கிறது என்று தெரியாது. அவர் மாற்றலாகிப் போனால் அடுத்து வருபவருக்கு அந்தக் கோப்பே தெரியாது. நிதி, கட்டடம், ஆண்டு விழா என்று தீர்மானம் எழுதி டீ குடித்துக் கலைகிற கூட்டத்துக்கு அந்தப் பயிற்றுநரும் பயிற்சியாளரும் வந்தாலும் வாய் திறக்க வழியில்லை.

கூட்டத்தின் பேச்சுப்பொருளை மாற்றினாலே பாதி சரியாகிவிடும். இந்த மாதம் உங்கள் தொழிற்சாலையில் எந்தப் பாகம் அதிகம் ரிஜெக்ட் ஆனது? எங்கள் பிள்ளைகள் எதை அளக்கத் தடுமாறுகிறார்கள்? அந்த ஒரு பாகத்தின் வரைபடத்தை எங்களுக்குப் பயிற்சி ஜாபாக, அதாவது பிள்ளைகள் செய்து பழகும் வேலையாக, தருவீர்களா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லக்கூடிய ஆள் மனிதவளத் துறையில் இருக்கமாட்டார். உற்பத்தி மேற்பார்வையாளரை அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும்.

புதிய 1,000 ஐடிஐ திட்டத்தில் 200 நிலையங்கள் மையங்கள், 800 நிலையங்கள் அவற்றோடு இணைந்த கிளைகள். தொழில் நிறுவனங்கள் முன்னின்று நடத்தும் அமைப்புதான் நிர்வகிக்கும். இதில் என் கவலை கிளைகளைப் பற்றியது. மையத்தில் தீர்மானித்து அனுப்புவதை வாங்கிக்கொள்ளும் இடமாகக் கிளை ஆகிவிட்டால், 800 நிலையங்களின் பயிற்றுநர்கள் பழையபடி பார்வையாளர்கள்தான். பழைய ஐஎம்சி போலப் பெயருக்கு ஒரு நாற்காலி போடாமல், எந்திரத் தேர்விலும் பாடத் தேர்விலும் கிளைப் பயிற்றுநரின் கையெழுத்து இல்லாமல் கோப்பு நகராது என்று வைத்துப் பார்க்கலாம்.

பெரிய கம்பெனியை மட்டும் தேடுவது

புகைப்படத்துக்குப் பெரிய கம்பெனி நன்றாக இருக்கும். ஆனால் கோயம்புத்தூரின் பம்பு, மோட்டார் உதிரிபாகங்களும் திருச்சியின் ஃபேப்ரிகேஷன் வேலையும் நாமக்கல்லின் லாரி பாடியும் பெரும்பாலும் சிறு, நடுத்தரப் பட்டறைகளில்தான் உருவாகின்றன. தொழிற்பழகுநர் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனம்தான் கட்டாயம் அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும், 4 முதல் 29 பேர் வரை இருப்பது விருப்பப்பட்டால் எடுக்கலாம். ஊக்கத்தொகைத் திட்டத்தில் உதவித்தொகையின் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, ஒன்றிய அரசு ஏற்கிறது. அப்படியும் பத்துப் பேர் பட்டறை முதலாளி போர்ட்டலில் பதிவுசெய்து ஆள் எடுப்பது அபூர்வம். கணக்கு எழுதவே ஆள் இல்லாதவர் அவர்.

இங்கேதான் “ஜெர்மனி மாதிரி” என்று எல்லோரும் சொல்வார்கள். ஜெர்மனியின் இரட்டை முறையில் எல்லோர் கண்ணுக்கும் தெரிவது, பையன் வாரத்தின் பெரும்பகுதி கம்பெனியில், மீதி தொழிற்பள்ளியில் என்பது. கண்ணுக்குத் தெரியாதது அங்கிருக்கும் சபைகள். நிறுவனங்கள் சட்டப்படியே தொழில் வர்த்தக சபையிலோ கைவினைச் சபையிலோ உறுப்பினராக இருக்க வேண்டும். தேர்வை நடத்துவது சபை. தேர்வுக் குழுவில் முதலாளி தரப்பு, தொழிலாளர் தரப்பு, தொழிற்பள்ளி ஆசிரியர் என்று மூன்று தரப்பும் உண்டு. ஒரு சின்னப் பட்டறையால் எல்லாத் திறனையும் சொல்லித்தர முடியாவிட்டால், பல பட்டறைகளுக்குமான பொதுப் பயிற்சிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பலாம். சபை இல்லாத ஊரில் வெறும் கால அட்டவணையை மட்டும் நகலெடுத்தால் ஒன்றும் நடக்காது.

அந்தப் பொதுப் பயிற்சிக்கூடமாக அரசு ஐடிஐயே இருக்கலாம் என்பது என் எண்ணம். நிலையத்தின் அளவிடும் கருவிகளும் சிஎன்சியும் மாலையில் சும்மா கிடக்கின்றன. அந்த நேரத்தில் உள்ளூர்ச் சிறுதொழில் சங்கத்தின் உறுப்பினர்கள் தங்கள் மாதிரிப் பாகத்தைக் கொண்டுவந்து, கூலி கட்டி, அளந்து, வெட்டிப் பார்க்கட்டும். கூட இரண்டு பயிற்சியாளர்கள் நின்றால் போதும். பட்டறைக்காரருக்குச் செலவு மிச்சம், பிள்ளைக்கு நிஜமான வரைபடம், பயிற்றுநருக்கு ஊரில் என்ன ஓடுகிறது என்ற தகவல். வரும் கூலி கருவூலத்துக்குப் போய்த் தொலையாமல் அதே பிரிவின் மூலப்பொருளுக்குத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

150 மணி நேரத்தை ரெக்கார்டு நோட்டாக்குவது

2022இல் பாடத்திட்டம் மாற்றப்பட்டபோது ஆண்டுக்கு 150 மணி நேரம் பணியிடப் பயிற்சி சேர்க்கப்பட்டது. பக்கத்தில் தொழிற்சாலை இல்லாத இடத்தில் அதற்குப் பதிலாகக் குழுத் திட்டப்பணி செய்யலாம். புதுமை என்ற பேச்சுக்குப் பாடத்திட்டத்திலேயே இருக்கும் இடம் இதுதான். ஆனால் நடைமுறையில் பெரும்பாலும் என்ன ஆகிறது? சென்ற ஆண்டு பேட்ச் செய்த கால்லிங் பெல் மாடல், பெயரை மாற்றி இந்த ஆண்டும். படம் ஒட்டிய ரெக்கார்டு, ஒரு சீல்.

தவறு தலைப்பிலேயே தொடங்குகிறது. “புதுமையாக ஏதாவது செய்யுங்கள்” என்றால் 17 வயதுப் பிள்ளை யூடியூபில்தான் தேடும். பக்கத்தில் இருக்கும் ஒரு நிஜமான தொல்லையைக் கையில் கொடுங்கள். சத்துணவுக் கூடத்தில் கொதிக்கும் சாம்பார் அண்டாவை இரண்டு பெண்கள் துணி சுற்றித் தூக்கி இறக்குகிறார்கள். அதற்கு ஒரு தூக்கி வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டிலின் கிராங்க் சுற்றவில்லை. பயன்படுத்தப் போகிறவர் யார் என்று தெரிந்தால் பிள்ளைகள் அளவெடுக்கும் விதமே மாறும். “இது உயரமா இருக்கு தம்பி, எனக்கு எட்டலை” என்று அந்த அக்கா சொல்லித் திருப்பி அனுப்பினால், ரெக்கார்டு நோட்டு கற்றுத்தராத ஒன்று அங்கே கற்றாயிற்று.

அண்டாத் தூக்கிக்கு ஃபிட்டரும் வெல்டரும் எலக்ட்ரீஷியனும் சேர வேண்டும். ஐடிஐயில் இது லேசான காரியமில்லை. ஒவ்வொரு டிரேடும் (தொழிற்பிரிவும்) தனி ராஜ்யம்: தனிச் சாவி, தனிப் பதிவேடு, தனி வருகைப் பதிவு. எல்லாப் பிரிவும் மனமொத்துக் கூடுவது ஆயுத பூஜை அன்றுதான் என்று ஊழியர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். வெளியே போய்க் கம்பெனிகளோடு கூட்டுறவு தேடுமுன், வாரத்தில் ஒரு மதியம் எல்லா டிரேடுக்கும் பொதுவாக ஒதுக்கிக் கால அட்டவணையைப் போட்டால் போதும். இதற்கு அரசாணை தேவையில்லை, ஐடிஐ முதல்வர் மனது வைத்தால் நடக்கும்.

மதிப்பெண்ணையும் கொஞ்சம் மாற்றிப் போடலாம். முடிந்த பொருளுக்குப் பாதி, முதல் மாதிரி ஏன் சரிவரவில்லை, இரண்டாவதில் என்ன மாற்றினார்கள் என்று எழுதியதற்குப் பாதி.

பயிற்றுநரை குமாஸ்தா ஆக்குவது

சேர்க்கை கலந்தாய்வு, சைக்கிள் விநியோகம், உதவித்தொகைக்கு ஆதார் இணைப்பு, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்குப் பட்டியல், போர்ட்டலில் பதிவேற்றம். இவை வேண்டாதவை என்று சொல்லவில்லை. அந்தத் திட்டங்களில் வரும் மாதம் 1,000 ரூபாய் தாமதமானால் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் காலிப் பணியிடங்களுக்கு நடுவில் இந்த வேலைகள் யார் தலையில் விழுகின்றன என்று பாருங்கள். ஒரு பட்டறைக்குப் போய் இரண்டு வாரம் நின்று பார்க்க அவருக்கு ஏது நேரம்? அப்படியே போனாலும் அது பணிநாளா விடுப்பா என்ற கேள்வி.

கிண்டியில் இருக்கும் தேசியத் திறன் பயிற்சி நிலையத்தில் பயிற்றுநர்களுக்குக் கற்பிக்கும் முறையில் பயிற்சி கிடைக்கிறது. அது தேவையானது. ஆனால் பத்து ஆண்டுக்கு முன் பட்டறையை விட்டு வந்தவருக்கு வேண்டியது இன்றைய பட்டறை. ஆண்டுக்கு இரண்டு வாரம் தொழிற்சாலையில் இருப்பதைப் பணிநாளாகக் கணக்கிட்டு, திரும்பி வந்ததும் சக பயிற்றுநர்களுக்கு ஒரு செய்முறை வகுப்பு எடுக்கச் சொல்லுங்கள். எதிர்த்திசையிலும் வழி திறக்கலாம். இருபது ஆண்டு வெல்டிங் செய்த மனிதரிடம் சான்றிதழ் இல்லை என்பதற்காக அவரை வகுப்புக்கு அழைக்காமல் இருப்பது நமக்குத்தான் நஷ்டம்.

ஓசூரில் ஒரு டர்னர் பயிற்றுநர் கூம்புக் கடைசலைச் சொல்லித்தர ஒரு நல்ல ஜாப் உருவாக்கினால், அதே பாடத்திட்டத்தை நாகர்கோவிலில் நடத்துபவருக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? இன்றைக்கு வாட்ஸப் குழுவில்தான், குட்மார்னிங் படங்களுக்கு நடுவே. சேர்க்கையிலும் தேர்ச்சி விகிதத்திலும் நிலையங்களைப் போட்டி போடவிட்டு, அப்புறம் “ஏன் பகிர்ந்துகொள்வதில்லை” என்று கேட்பதில் நியாயமில்லை. அடுத்த நிலையம் எடுத்துப் பயன்படுத்திய ஜாப் ஒன்றுக்கு, உருவாக்கியவரின் பணிப்பதிவேட்டில் ஒரு வரி ஏறினால் நிலைமை மாறும்.

எண்ணக்கூடாததை எண்ணுவது

எத்தனை ஒப்பந்தம் போட்டோம், வேலைவாய்ப்பு முகாமில் எத்தனை பேருக்கு ஆஃபர் லெட்டர் கொடுத்தோம் என்பவை எண்ண எளிதானவை, அதனால் எண்ணப்படுகின்றன. ஓராண்டு கழித்து எத்தனை பேர் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள், அதே பட்டறை மறுபடி ஆள் கேட்டதா என்ற இரண்டையும் கேட்டால் பல ஒப்பந்தங்களின் லட்சணம் தெரிந்துவிடும்.

பெண் பயிற்சியாளர்களைத் தனியாக எண்ணுவதும் அவசியம். மகளிர் ஐடிஐகள் இருக்கின்றன, டர்னர், வெல்டர் பிரிவுகளிலும் பெண்கள் சேர்கிறார்கள். ஆனால் பணியிடப் பயிற்சிக்கு அனுப்பும் தொழிற்பேட்டையில் பெண்களுக்குக் கழிப்பறை உண்டா, இரவு ஷிப்ட் முடிந்தால் பஸ் உண்டா என்று கேட்காமல் ஒப்பந்தம் போட்டால், மூன்றாம் வாரம் வீட்டில் நிறுத்திவிடுவார்கள். பதிவேட்டில் அது “சொந்தக் காரணம்” என்று ஏறும். ஒப்பந்தத்துக்கு முன் அந்தப் பிரிவின் பயிற்றுநரும் இரண்டு மாணவிகளும் ஒருமுறை அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்து வந்து, சரி என்று சொன்ன பிறகு கையெழுத்துப் போடட்டும்.