பிளாக் டிசைனில் போர்ட் தேடும்போது செய்யக்கூடாத தவறுகள்

எஃப்பிஜிஏ (உள் சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்) வடிவமைப்புக்கான விவாடோ மென்பொருளில், பிளாக்குகளை இணைத்துச் சுற்றை வரையும் பிளாக் டிசைனைத் திறந்து, ஜிங்க் 7020 சிப்பின் பிராசஸர் பிளாக்கை மட்டும் வைத்து, வழக்கமான இணைப்புகளைத் தானாகப் போடும் பிளாக் ஆட்டோமேஷனை ஓட்டுங்கள். கேன்வாஸின் வலது ஓரத்தில் டிடிஆர் (வெளி மெமரிக்கானது), ஃபிக்ஸ்டு_ஐஓ (பிராசஸரின் நிலையான கால்களுக்கானது) என்று இரண்டு போர்ட்கள் வந்து நிற்கும். இப்போது டிசிஎல் ஸ்கிரிப்ட் மொழியில் கமாண்ட் அடிக்கும் கன்சோலில் 'கெட்_பிடி_போர்ட்ஸ் டிடிஆர்' என்று அடித்தால், அப்படி ஒரு போர்ட்டே இல்லை என்று எச்சரிக்கை வரும். கண்ணெதிரே இருப்பதை இல்லை என்கிறதே என்று அங்கேயே பலர் திகைத்துப் போகிறார்கள்.

போர்ட் இருக்கத்தான் செய்கிறது, கேட்ட கமாண்ட்தான் வேறு. கெட்_பிடி_போர்ட்ஸ் என்பது கிளாக், ரீசெட் போன்ற தனி சிக்னல்களுக்கானது. டிடிஆர் என்பது பல சிக்னல்களைக் கட்டி வைத்த இன்டர்ஃபேஸ். அதைக் கேட்க கெட்_பிடி_இன்டிஎஃப்_போர்ட்ஸ் வேண்டும். போர்ட், பின் குழப்பமும் இதே வகைதான். டிசைனின் வெளி எல்லையில் இருப்பது போர்ட், உள்ளே ஒவ்வொரு பிளாக்கின் ஓரத்திலும் இருப்பது பின். பின்னுக்கு கெட்_பிடி_பின்ஸ், இன்டர்ஃபேஸ் பின்னுக்கு கெட்_பிடி_இன்டிஎஃப்_பின்ஸ்.

இதைவிடப் பெரிய குழப்பம் 'பிடி' (பிளாக் டிசைன்) இல்லாத கெட்_போர்ட்ஸால் வருகிறது. அது பிளாக் டிசைனைப் பார்ப்பதே இல்லை. எலாபரேட் (கோடை விரித்துப் படிப்பது), சின்தசிஸ் (அதைச் சுற்றாக்குவது) அல்லது இம்ப்ளிமென்டேஷன் (சிப்பில் இடம் பிடித்து இணைப்பது) முடிந்து திறந்து வைத்திருக்கும் நெட்லிஸ்டில்தான் (சுற்று உறுப்புகள், இணைப்புகளின் பட்டியல்) தேடும். அதே ஜிங்க் டிசைனுக்கு ரேப்பர் (டிசைனைச் சுற்றி வைக்கும் மேல்நிலைக் கோட் ஃபைல்) உருவாக்கி, சின்தசிஸ் முடித்து கெட்_போர்ட்ஸ் கொடுத்தால் 130 பெயர்கள் வருகின்றன: டிடிஆர் பக்கம் 71, ஃபிக்ஸ்டு_ஐஓ பக்கம் 59. அந்த 59-இல் எம்ஐஓ (பிராசஸரின் பல்பயன் கால்கள்) மட்டுமே 54. கேன்வாஸில் ஒற்றைக் கோடாகத் தெரிந்த பஸ் இங்கே பிட் பிட்டாகப் பிரிந்து நிற்கிறது.

பெயரும் மாறிவிடும். பொதுப் பயன் இன்புட்/அவுட்புட் தரும் ஏஎக்ஸ்ஐ ஜிபிஐஓ பிளாக்கின் இன்டர்ஃபேஸை வெளியே எடுத்து, அதற்கு ஜிபிஐஓ_0 என்று பெயர் வந்திருக்கிறது என்று வையுங்கள். இருதிசையாக வைத்திருந்தால் ரேப்பரில் ஜிபிஐஓ_0_ட்ரை_ஐஓ என்று வரும், வெறும் அவுட்புட் என்றால் ஜிபிஐஓ_0_ட்ரை_ஓ. கேன்வாஸில் பார்த்த பெயரை, பின் இருப்பிடம் போன்ற கட்டுப்பாடுகளுக்கான எக்ஸ்டிசி ஃபைலில் அப்படியே எழுதினால் பொருந்தாது.

கமாண்டின் விடையைச் சுருக்க எழுதும் ஃபில்டரிலும் இந்த இரண்டு உலகங்களும் வேறு வேறு பாஷை பேசுகின்றன. பிளாக் டிசைனில் திசையைச் சொல்லும் பிராப்பர்ட்டி 'டிர்'. அதன் மதிப்பு ஐ, ஓ அல்லது ஐஓ. நெட்லிஸ்டில் அது 'டைரக்ஷன்', மதிப்பு இன், அவுட், இன்அவுட். ஒன்றுக்கு எழுதிய ஃபில்டரை மற்றதில் ஒட்டினால் காலி லிஸ்ட்தான். எனக்குச் சந்தேகம் வந்தால் ஒரே ஒரு பொருளை எடுத்து ரிப்போர்ட்_பிராப்பர்ட்டி போட்டுப் பார்த்துவிடுவேன். மனப்பாடத்தை நம்புவதைவிட அது எவ்வளவோ மேல். இன்னொன்று: ஃபில்டரை நெளிவு அடைப்புக்குள் எழுதினால் உள்ளே இருக்கும் டாலர் வேரியபிள் விரியாது. வேரியபிள் வேண்டுமென்றால் இரட்டை மேற்கோள்.

பெயரை ஒப்பிடுவதில் ஒரு சின்ன விஷயம் பல மணி நேரத்தைத் தின்றுவிடும். பிளாக் டிசைன் கமாண்ட்கள் திருப்பித் தருவது முழுப் பாதையை, முன்னால் ஒரு சாய்கோட்டுடன். போர்ட்டின் பெயர் லெட் என்றால் கைக்கு வருவது '/லெட்'. அதை 'லெட்' என்ற சொல்லோடு நேரடியாக ஒப்பிட்டால் என்றைக்கும் பொருந்தாது. கெட்_பிராப்பர்ட்டி வழியாக நேம் பிராப்பர்ட்டியை எடுத்து ஒப்பிடுங்கள்.

பிராஜெக்டில் ஒன்றுக்கு மேற்பட்ட பிளாக் டிசைன்கள் இருந்தால், எது கரன்ட் என்பதை கரன்ட்_பிடி_டிசைன் கொண்டு முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஹயரார்க்கிக்குள் (பிளாக்குகளைத் தொகுத்த உள் அடுக்கு) இருக்கும் பிளாக்கின் பின்னைக் கேட்கும்போது முழுப் பாதையையும் கொடுங்கள்.

நான் கடுமையாக எச்சரிக்க விரும்புவது, கமாண்டின் எச்சரிக்கைச் செய்திகளை அடக்கும் '-கொயட்' ஆப்ஷனைப் பற்றி. எச்சரிக்கைகள் லாகை நிரப்புகின்றன என்று ஒரு ஸ்கிரிப்டில் எல்லா இடத்திலும் அதைப் போட்டு வைத்திருந்தேன். போர்ட்களை எடுத்து, ஃபோர்ஈச் சுற்றில் ஒவ்வொன்றுக்கும் பின் இருப்பிடமும் வோல்டேஜ் ஸ்டாண்டர்டும் எக்ஸ்டிசி ஃபைலில் எழுதும் ஸ்கிரிப்ட் அது. ஒரு தனி போர்ட் தொகுதியை இன்டர்ஃபேஸாக மாற்றினோம், கமாண்டை மாற்ற மறந்துவிட்டேன். லிஸ்ட் காலி. காலி லிஸ்டில் ஃபோர்ஈச் ஒருமுறைகூடச் சுற்றாது, பிழையும் சொல்லாது. இரவு முழுக்க பில்ட் ஓடியது. சின்தசிஸ் முடிந்தது, ரவுட்டிங்கும் முடிந்தது. காலையில், சிப்பில் ஏற்றும் பிட்ஸ்ட்ரீம் ஃபைலை எழுதும் கட்டத்தில் என்எஸ்டிடி-1 (வோல்டேஜ் ஸ்டாண்டர்டு இல்லை), யுசிஐஓ-1 (பின் இருப்பிடம் இல்லை) என்ற இரண்டு டிஆர்சி (டிசைன் விதிச் சோதனை) பிழைகளோடு நின்றிருந்தது. எக்ஸ்டிசி ஃபைலைத் திறந்தால் மேலே எழுதும் கமென்ட் வரி மட்டும்.

பிழை தெரிந்த இடத்துக்கும் பிழை நடந்த இடத்துக்கும் நடுவே ஒரு முழு இரவு. இப்போது போர்ட் கேட்கும் ஒவ்வொரு வரிக்கும் கீழே லிஸ்டின் நீளத்தைச் சொல்லும் எல்லெங்த் வைத்து எண்ணுகிறேன். பூஜ்ஜியம் வந்தால் எந்த டிசைனில், எந்தப் பெயரைத் தேடியது என்று எழுதிவிட்டு, எரர் கமாண்ட் ஸ்கிரிப்டை அங்கேயே நிறுத்திவிடும். எத்தனை போர்ட் வரவேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்த இடங்களில் அந்த எண்ணையே சரிபார்க்கிறேன்.